டிரெயின் போல்ட் இம்மியும் அசையல, முனையும் மழுங்க ஆரம்பிச்சிடுச்சு, அடுத்து என்ன பண்றது?

முதல்ஸ்பேனர்:

வணக்கம். வீட்லயே முதல் தடவையா காருக்கு ஆயில் மாத்தலாம்னு இன்னைக்கு காலைல இறங்கினேன். புது ஆயில், பில்டர் எல்லாம் ரெடி, வண்டிய முன்னாடி தூக்கி ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்துக்கு கட்டை வச்சு, கீழ இருக்க பிளாஸ்டிக் கவரையும் கழட்டி, அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கா தான் போச்சு. பழைய ஆயில வடிக்க கழட்டுற டிரெயின் போல்ட்ல ஸ்பேனர வச்சு இழுத்தா சும்மா கல்லு மாதிரி நிக்குது.

17 நம்பர் போல்ட். முதல்ல ஓபன் ஸ்பேனர் வச்சேன், ரெண்டு தடவை வழுக்கிடுச்சு, ரெண்டாவது தடவை கை போய் பக்கத்துல இருந்த இரும்புல இடிச்சு விரல் முட்டில தோல் உரிஞ்சிடுச்சு. அப்புறம் ரிங் ஸ்பேனர மாட்டி காலால உந்திக் கூட பாத்தேன். அதுவும் லேசா நழுவுற மாதிரி இருந்துச்சு, வெளிய எடுத்து டார்ச் அடிச்சு பாத்தா ஆறு முனைல ரெண்டு முனை தேஞ்சு பளபளன்னு ஆயிடுச்சு, ஸ்பேனர்லயும் இரும்புத் தூள் ஒட்டியிருக்கு. அதோட பயந்து நிறுத்திட்டேன்.

போன தடவை ஒரு ஒர்க்‌ஷாப்ல தான் ஆயில் மாத்தினாங்க, பதினோரு மாசம் ஆச்சு. போல்ட்ட சுத்தி துரு எதுவும் பெருசா தெரியல. எஞ்சின் நேத்து ராத்திரிலேர்ந்து ஆஃப், அதனால சுத்தமா ஆறிப்போய் இருக்கு.

துரு எடுக்குற ஸ்பிரே அடிச்சு ஊற விடலாமா, கேஸ் டார்ச் வச்சு சூடு பண்ணலாமா, இல்ல சுத்தியலால அடிச்சா வந்துடுமா? ஒருத்தர் நேர்ல சொன்னாரு டார்ச் வச்சா உடனே விட்டுடும்னு, ஆனா உள்ள முழுக்க ஆயில் இருக்கேன்னு எனக்கு பயமா இருக்கு. யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

இரும்புவாசனை:

ப்ரோ முதல்ல ஒண்ணு, அந்த ஓபன் ஸ்பேனர திரும்ப அந்த போல்ட் பக்கமே கொண்டு போகாதீங்க. அது ஆறு பக்கத்துல ரெண்டு பக்கத்த மட்டும் தான் புடிக்கும், மொத்த பலமும் ரெண்டு முனைல தான் விழும். ரெண்டு முனை போனதோட நிறுத்தினீங்களே அது ரொம்ப நல்லது, இன்னும் நாலு மிச்சம் இருக்கு, அதுவே போதும்.

ரெண்டாவது, தப்பா நினைக்காதீங்க, எந்த பக்கம் திருப்புனீங்க? கீழ படுத்துகிட்டு தலைக்கு மேல கைய தூக்கி வேலை பாக்கும்போது திசை குழம்பிடும், எனக்குத் தெரிஞ்சு "கழட்டவே வரல"னு வர்றதுல பாதி கேஸ் இன்னும் டைட் பண்ணிகிட்டே இருந்தது தான். போல்ட்டோட தலை உங்க முகத்துக்கு நேரா இருக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க, அங்கேர்ந்து பாக்கும்போது கடிகார முள் போறதுக்கு எதிர் பக்கம். மார்க்கர் எடுத்து சம்ப் (எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி) மேலயே ஒரு அம்புக்குறி போட்டுட்டு அப்புறம் வேலைய ஆரம்பிங்க, நான் இன்னைக்கும் அப்படி தான் பண்றேன்.

மூணாவது அது எஞ்சின் ஆயில் போல்ட் தானா? கியர்பாக்ஸ்க்கும் கீழ ஒரு போல்ட் இருக்கும். சுபாரு வண்டிங்கள்ல இத மாத்தி கழட்டி கியர் ஆயில கொட்டிட்டு, எஞ்சின்ல பழைய ஆயிலுக்கு மேலயே புது ஆயில ஊத்தினவங்க நிறைய பேர். ஹோண்டால கியர்பாக்ஸ் போல்ட்டு தலைல சதுரக் குழி இருக்கும், அத வச்சு ஈசியா கண்டுபுடிக்கலாம். எஞ்சினோட அடிவயித்துல தொங்குற தொட்டி, அதுல தான் உங்க போல்ட் இருக்கணும், பில்டரும் பெரும்பாலும் அந்த பக்கத்துலயே எங்கேயாவது இருக்கும், மேனுவல்லயும் படம் இருக்கும் ஒரு தடவை பாத்துடுங்க.

முதல்ஸ்பேனர்:

திசை சரி தான் ப்ரோ, உங்க மெசேஜ் பாத்துட்டு மறுபடி போய் மேனுவல் படத்தோட வச்சு பாத்தேன், எஞ்சின் சம்ப் தான். ஆனா உண்மைய சொல்றேன், காலால உந்தும்போது ஒரு தடவை எந்த பக்கம் உந்தினேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அம்புக்குறி போட்டாச்சு.

கிரீஸ்கை:

தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேல இதே வேலைல இருக்கேன், பொறுமையா படிங்க, இது கண்டிப்பா வந்துடும்.

ஏன் இறுகுதுன்னு முதல்ல புரிஞ்சிக்கணும், அப்ப தான் எந்த மருந்து வேலை செய்யும்னு தெரியும். டிரெயின் போல்ட் மரை எப்பவும் உள்பக்கம் ஆயில்ல நனைஞ்சுகிட்டே இருக்குற இடம், அங்க துரு புடிக்கிறது அபூர்வம். சைலன்சர் போல்ட், சஸ்பென்ஷன் போல்ட் மாதிரி இல்ல இது. அதனால துரு ஸ்பிரே அடிச்சா கெடுதல் இல்ல ஆனா பெருசா பலனும் இருக்காது, வாஷர தாண்டி அது மரைக்குள்ள போகவே போகாது. நீங்க வேற வெளியவும் துரு இல்லன்னு சொல்றீங்க. அப்ப இது யாரோ அளவுக்கு மேல முறுக்குன போல்ட். அவசரத்துல ஏர் கன் வச்சு டர்ர்ருனு ஏத்தி விட்டுடுவாங்க, இல்லன்னா பழைய வாஷரையே திரும்ப போட்டிருப்பாங்க. வாஷர்ங்கிறது செம்போ அலுமினியமோ, ஒரு தடவை நசுங்கி தான் சீல் ஆகுது, நசுங்கினத திரும்ப போட்டா லேசா கசியும், கசியுதேன்னு இன்னும் கொஞ்சம் முறுக்குவாங்க, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். மூணு நாலு ஆயில் மாத்துறதுக்குள்ள போல்ட் இந்த கதிக்கு வந்துடும்.

சம்ப் என்ன மெட்டல்னு ஒரு காந்தம் வச்சு பாருங்க. ஒட்டலன்னா அலுமினியம். இது ரொம்ப முக்கியம், ஏன்னா அலுமினியம் சூட்டுல இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடானா போல்ட்ட சுத்தி இருக்கிற ஓட்டை போல்ட்ட விட கொஞ்சம் அதிகமா பெருசாகும், பிடி தளரும். நீங்க ராத்திரி பூரா ஆறின வண்டில, மெட்டல் சுருங்கி இருக்கிற நேரத்துல போய் மல்லுக்கட்டி இருக்கீங்க. அதனால வண்டிய ஸ்டாண்ட்ல இருந்து முழுசா கீழ இறக்கிடுங்க, பழைய ஆயில் உள்ள அளவா இருக்கான்னு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற கம்பி) பாத்துட்டு ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. ஸ்டாண்ட்ல நிக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி கீழ படுக்குற வேலை மட்டும் வேணவே வேணாம். வந்ததும் உடனே கழட்டாதீங்க, அப்ப ஆயில் கைய வெந்து போக வைக்கிற சூட்டுல இருக்கும், ஒரு கால் மணி நேரம் இருபது நிமிஷம் விடுங்க. சம்ப்ல கைய வச்சா சூடு தெரியணும் ஆனா கைய எடுக்க தோணக்கூடாது, அது தான் பக்குவம்.

கேஸ் டார்ச் வேணாம். ஆயில் தொட்டி, பக்கத்துல ரப்பர் சீல், வயர், சிந்தி வழிஞ்ச பழைய ஆயில், நீங்க அதுக்கு அடியில தலைய வச்சு படுத்திருக்கீங்க. தீய அங்க கொண்டு போகவே கூடாது. எஞ்சின் சூடே போதும்.

இப்ப ஸ்பேனர் விஷயம். உங்க ரிங் ஸ்பேனருக்குள்ள எட்டி பாருங்க, பன்னெண்டு பல்லு இருக்கும். அது முனைக்கு ரொம்ப பக்கத்துல தான் கடிக்கும், ஏற்கனவே மழுங்கின முனைல வழுக்க தான் செய்யும். ஆறு பட்டை சாக்கெட் வேணும், அது முனைய விட்டு தள்ளி தட்டையான பக்கத்துல உக்காந்து தள்ளும். சரியா 17 எம்எம், அங்குல செட்ல இருக்கிற 11/16 ஏதாவது பொருந்துதேன்னு போட்டுடாதீங்க, அது ஏறத்தாழ 17.5 எம்எம், அந்த அரை மில்லி ஆட்டம் தான் மிச்ச முனையையும் திங்கும். போட்டதும் சாக்கெட் போல்ட் தலைல அடி வரைக்கும் உக்காருதான்னு பாருங்க, தலைய சுத்தி ஒட்டியிருக்க மண்ணையும் அழுக்கையும் பிரஷ் போட்டு சுத்தமா எடுத்துட்டு, சின்ன சுத்தியலால சாக்கெட்ட ரெண்டு தட்டு தட்டி உக்கார வைங்க. அந்த தட்டே மரையில அதிர்வு குடுத்து பிடிய உடைக்கும், ஸ்பிரேய விட அது நல்ல மருந்து.

கைப்பிடி நீளம் தான் அடுத்தது. இந்த சைஸ் போல்ட்டுக்கு கம்பெனி சொல்ற டைட் பெரும்பாலும் 40 நியூட்டன் மீட்டர் பக்கம் தான். அதாவது 25 சென்டிமீட்டர் ஸ்பேனர்னா முனைல 16 கிலோ அழுத்தம். இறுகினது அதுக்கு மூணு மடங்கு கேக்குதுன்னு வைங்க, அதே ஸ்பேனர்ல ஒரு 50 கிலோ தள்ளணும், படுத்துகிட்டு அது முடியாது, முடிஞ்சாலும் உதறி தான் தள்ளுவீங்க, அந்த உதறல்ல தான் நழுவும். 60 சென்டி நீள பார் போட்டா இருபது இருபத்தோரு கிலோ போதும், நிதானமா, ஒரே சீரா அழுத்தலாம். பார ஒரு கையால தள்ளும்போது இன்னொரு கையால சாக்கெட்ட போல்ட்டோட சேத்து நேரா அமுக்கி புடிக்கணும், சாய விட்டா போச்சு. விரல மடக்கி புடிச்சு இழுக்காம உள்ளங்கையால தள்ளுங்க, அப்ப விடுபட்டாலும் முட்டி இடிக்காது.

அப்புறம் ஸ்டாண்ட். நீள பார் போட்டா நீங்க வண்டியையே தள்றீங்க, புரியுதா. ஜாக்கில மட்டும் நிக்கிற வண்டிக்கு கீழ எவனும் போகக்கூடாது, ஸ்டாண்ட்ல நின்னாலும் முதல்ல வெளிய நின்னு வண்டிய ரெண்டு கையால நல்லா உலுக்கி பாத்துட்டு தான் போகணும். கழட்டுன சக்கரம் ஏதாவது இருந்தா அதையும் வண்டிக்கு அடியில தள்ளி விட்டுடுங்க.

ரெண்டாம்கியர்:

கிரீஸ்கை அண்ணா சொன்னது எல்லாம் சரி, அதோட ஒண்ணு சேத்துக்கிறேன். கழட்டுறதுக்கு முன்னாடி புது போல்ட்டும் புது வாஷரும் கைல இருக்கணும். இது வராம போனா எப்படியும் அந்த தலைய சிதைச்சு தான் எடுப்பீங்க, எடுத்தப்புறம் சம்ப் காலியா இருக்கும், வண்டிய எடுத்துட்டு போல்ட் வாங்க போக முடியாது. எனக்கு அது நடந்துச்சு. போன வருஷம் என் வண்டில தலை முழுக்க உருண்டையாகி, எடுக்குறதுக்குள்ள ராத்திரி ஆகி, புது போல்ட் இல்லாம வண்டி ரெண்டு நாள் ஸ்டாண்ட் மேலயே நின்னுச்சு, அந்த ரெண்டு நாளும் அப்பாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக வண்டி இல்லாம நான் பட்ட பாடு எனக்கு தான் தெரியும். அதனால சொல்றேன், வாங்கி வச்சுட்டு ஆரம்பிங்க. சைஸ் சரியா கேளுங்க, டொயோட்டால நிறைய மாடலுக்கு எம்12, மரை இடைவெளி 1.25, தலை 14 நம்பர். ஹோண்டால எம்14, 1.5, தலை 17. உங்க வண்டி எதுவோ அதுக்கு உள்ளத பாத்து வாங்குங்க, "17 நம்பர் போல்ட்"னு தலை சைஸ மட்டும் சொல்லி வாங்கிடாதீங்க, தலை ஒண்ணா இருந்து மரை வேறயா இருக்கும்.

என்னோடது எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன், ஒருவேளை உங்களுக்கு சாக்கெட்டும் நழுவினா உதவும். முதல்ல லாக்கிங் பிளையர், அந்த கடிச்சு பூட்டிக்கிற பிளையர் இருக்குல்ல, அத முழு டைட்ல போட்டு பாத்தேன், தலை ரொம்ப மெல்லிசு, சரியான பிடிப்பு கிடைக்கல. அப்புறம் 16 எம்எம் ஆறு பட்டை சாக்கெட்ட, பழசு ஒண்ணு, மழுங்கின 17 தலை மேல வச்சு சுத்தியலால அடிச்சு ஏத்தினேன். உருண்டையானதால தலையோட அளவு குறைஞ்சு இருந்துச்சு, சாக்கெட் தனக்கு வேண்டிய பட்டைய தானே செதுக்கிகிட்டு இறங்குச்சு. ஒவ்வொரு அடிக்கும் சத்தம் மாறிகிட்டே வந்துச்சு, முதல்ல கிணுங்னு, கடைசியா மொத்துனு ஒரு கட்டை சத்தம், அப்ப தான் முழுசா இறங்கிடுச்சுன்னு தெரிஞ்சது. அடுத்து பார் போட்டு ஒரே தள்ளுல விட்டுடுச்சு. உள்ள சுருள் பல்லு இருக்கிற எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்னே தனியா கிடைக்குது, இதே வேலைக்கு செஞ்சது, திருப்ப திருப்ப இன்னும் ஆழமா கடிக்கும், கிடைச்சா அது தான் முதல் சாய்ஸ். மேல நோக்கி அடிக்கும்போது அலுமினியம் சம்ப்னா பாத்து அடிக்கணும், அடி போல்ட் தலைல நேரா விழணும், பக்கத்துல பட்டா விரிசல் விடும்.

அதுக்கும் மசியலன்னா தலையோட ஓரத்துல உளிய சாய்ச்சு வச்சு எதிர் திசைல சுத்துற மாதிரி தட்டுறது, இல்ல தலை மேல ஒரு நட்ட வெல்டிங் வைக்கிறது. வெல்டிங்க வீட்ல பண்ணாதீங்க, அது தெரிஞ்சவங்க வேலை, ஆயில மேல் வழியா உறிஞ்சி எடுத்துட்டு தான் அவங்களே பண்ணுவாங்க.

நெடுஞ்சாலை77:

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, டிப்ஸ்டிக் ஓட்டை வழியா பைப் விட்டு பம்ப்ல உறிஞ்சி எடுத்துடலாமே. நான் நாலு வருஷமா அப்படி தான் பண்றேன், வண்டிய தூக்கவே வேணாம். இல்லன்னா இம்பாக்ட் கன், அந்த அடிச்சு அடிச்சு சுத்துற மெஷின் வச்சா ரெண்டு செகண்ட்.

கிரீஸ்கை:

உறிஞ்சி எடுக்குறது தப்பில்ல நண்பா, சில வண்டில கம்பெனியே அப்படி தான் டிசைன் பண்ணியிருப்பாங்க, பைப் சம்போட ஆழமான இடத்த சரியா தொடும். எல்லா வண்டிலயும் தொடாது, அப்ப அடில கொஞ்சம் பழைய ஆயிலும் கசடும் தங்கிடும். இன்னைக்கு அவசரத்துக்கு அது நல்ல வழி தான், அத வச்சு புது ஆயில் போட்டுட்டு போல்ட்ட அப்புறம் நிதானமா பாத்துக்கலாம். ஆனா அந்த போல்ட் அப்படியே இறுகி இருக்கட்டும்னு விட்டுடக்கூடாது, என்னைக்காவது ஒரு நாள் அது தேவைப்படும்.

இம்பாக்ட் கன் பத்தி, கழட்டுறதுக்கு, ஆறு பட்டை இம்பாக்ட் சாக்கெட்டோட, குறைஞ்ச வேகத்துல சின்ன சின்னதா தட்டினா வேலை செய்யும், நான் மறுக்கல. மழுங்கின தலைல, சாதா சாக்கெட் வச்சு, முதல் தடவை பண்ற தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன். திரும்ப மாட்டும்போது கன் கண்டிப்பா கூடாது, அலுமினியம் மரை போச்சுன்னா கதை வேற.

முதல்ஸ்பேனர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொல்லித் தந்ததில்ல. காந்தம் ஒட்டல, அலுமினியம் சம்ப் தான், போல்ட்ல ஒட்டுது. வண்டிய இறக்கிட்டேன், அதுலயே போய் புது போல்ட், வாஷர், ஆறு பட்டை 17 சாக்கெட் எல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன், எஞ்சினும் சூடாயிடுச்சு. ஒரு சந்தேகம், என்கிட்ட நீள பார் இல்ல, அரை இஞ்ச் ராட்செட் தான் இருக்கு. அது மேல இரும்பு பைப்ப சொருகி நீளமாக்கலாமா?

இரும்புவாசனை:

ராட்செட்ல பைப் வேணாம் ப்ரோ, உள்ள இருக்கிற குட்டி பல் சக்கரம் அந்த லோடுக்கு செஞ்சது இல்ல, உடைஞ்சா உங்க மொத்த பலத்தோட கை எங்கேயாவது போய் மோதும். சாக்கெட் செட்டுல ஒரு டி பார் இருக்கும் பாருங்க, கம்பி மாதிரி, தலை நகர்ற மாதிரி. தலைய ஒரு ஓரத்துக்கு தள்ளிட்டு நீள பக்கத்துல பைப்ப சொருகுங்க, அதுல அசையுற பல்லு எதுவும் இல்ல. அரை மீட்டர் பைப் போதும், ரெண்டு மீட்டர் எல்லாம் போட்டா எவ்ளோ பலம் குடுக்குறோம்னே தெரியாம போயிடும்.

கிரீஸ்கை:

ஆமா அதே. தள்றதுக்கு முன்னாடி ஒரு நூல் அளவுக்கு டைட் பண்ற பக்கம் லேசா அழுத்தி பாருங்க, பிடி விடுறதுக்கு அது சில சமயம் உதவும், ஆனா ரொம்ப லேசா. அப்புறம் கழட்டுற பக்கம் மெதுவா ஏத்திகிட்டே போங்க. "டக்"னு ஒரு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க. சத்தத்தோட லேசா நகந்து தலைக்கும் சம்புக்கும் நடுவுல ஆயில் ஈரம் தெரிஞ்சா விட்டுடுச்சுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம மெத்துமெத்துனு சுத்தினா நிறுத்திடுங்க, அது சாக்கெட் நழுவுது இல்ல தலை முறியப் போகுது. உள்ள இருக்கிற மரையே உருவிகிட்டு வந்தாலும் அப்படி தான் மெத்துனு சுத்தும்.

முதல்ஸ்பேனர்:

வந்துடுச்சு!!

சாக்கெட்ட தட்டி உக்கார வச்சேன், டி பார்ல பைப் போட்டு அம்புக்குறிய பாத்துகிட்டே உள்ளங்கையால தள்ளினேன். முதல் தடவை ஒண்ணும் இல்ல. மூச்சு விட்டுட்டு மறுபடி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன், பைப் லேசா வளையுற மாதிரி தோணுச்சு, அப்ப ஒரு சத்தம் பாருங்க, எஞ்சின்ல எதோ உடைஞ்சிடுச்சுன்னு நினைச்சு அப்படியே உறைஞ்சு போயிட்டேன், கிரீஸ்கை அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து டார்ச் அடிச்சு பாத்தா வாஷர் ஓரத்துல கருப்பா ஒரு கோடு மாதிரி ஆயில் கசிஞ்சு நிக்குது. மனசு அப்படியே லேசாயிடுச்சு. அதுக்கப்புறம் கையாலயே சுத்தி எடுத்தேன்.

போல்ட்ட துடைச்சு பாத்தா தான் விஷயம் புரிஞ்சது. அதுல ஒரு வாஷர் இல்ல, ரெண்டு வாஷர் இருந்துச்சு! ஒண்ணு செம்பு, சுத்தமா நசுங்கி காகிதம் மாதிரி, அது மேல இன்னொரு அலுமினியம் வாஷர், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே வளையம் மாதிரி இருக்கு, நகத்தால பிரிக்கவே முடியல. பழச எடுக்காம புதுச மேலயே போட்டு முறுக்கி இருக்காங்க போல.

இப்ப என் கவலை வேற. போல்ட் மரைல ரெண்டு மூணு சுத்துக்கு நடுவுல வெள்ளி கலர்ல மெல்லிசா நூல் மாதிரி ஏதோ சிக்கியிருக்கு. காந்தத்துல ஒட்டல. சம்ப் மரை போயிடுச்சா? ஆயில் இன்னும் சொட்டிகிட்டு இருக்கு, நான் எதுவும் மாட்டல.

கிரீஸ்கை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ரெண்டு வாஷர் விஷயம் நிறைய நடக்குது, பழைய வாஷர் சம்ப் முகத்துலயே ஒட்டிக்கும், சம்பும் அதுவும் ஒரே கலரா அழுக்கா இருக்கும், கவனிக்காம விட்டுடுவாங்க. இப்பவும் சம்ப் முகத்த துணியால துடைச்சு, விரல வச்சு தடவி பாருங்க, மூணாவது ஒண்ணு இருந்துடப் போகுது.

அந்த நூல் அலுமினியம் தான். முறுக்கினதுல மரையோட முகடு கொஞ்சம் உரிஞ்சிருக்கு. ரெண்டு மூணு சுத்துல மட்டும்னா பயப்பட வேணாம். சொட்டு நிக்கிற வரைக்கும் விடுங்க, அப்புறம் பஞ்சு துணிய சுருட்டி ஓட்டைக்குள்ள விட்டு மரைய துடைங்க, துணி நூல் உள்ள போகாம பாத்துக்கோங்க. கொஞ்சம் புது ஆயில், ஒரு கால் லிட்டர், மேல ஊத்தி கீழ வழிய விட்டா உள்ள தங்கின தூளும் வெளிய வந்துடும். இப்ப புது போல்ட்ட வாஷர் இல்லாம விரலால மட்டும் சுத்தி பாருங்க. ஸ்பேனர் வேணாம். விரலாலயே தடங்கல் இல்லாம தலை சம்ப தொடுற வரைக்கும் போச்சுன்னா, ஆட்டி பாக்கும்போது ரொம்ப லொடலொடன்னு இல்லன்னா, மரை நல்லா தான் இருக்கு.

ரெண்டாம்கியர்:

விரலால சுத்தும்போது முதல்ல அரை சுத்து எதிர் பக்கம் திருப்புங்க, "டிக்"னு ஒரு சின்ன இறக்கம் விரல்ல தெரியும், அங்கேர்ந்து டைட் பக்கம் சுத்தினா மரை மாறி ஏறாது. கோணலா ஏத்தி நல்ல மரையையும் கெடுக்குறது தான் கடைசி நேரத்துல நடக்குற பெரிய தப்பு.

ஒருவேளை மரை நிஜமாவே போயிருந்தா டெஃப்லான் டேப் சுத்தி மாட்டுறது, சிலிக்கான் பூசுறது எல்லாம் பண்ணாதீங்க. சூட்டுல பிஞ்சு உள்ள போய் ஆயில் பம்ப் வலைல அடைக்கும். சரியான வழி ஹெலிகாயில் மாதிரி புது மரை உருளை வைக்கிறது, அது நல்ல லேத் ஆளோ ஒர்க்‌ஷாப்போ பண்ணிடுவாங்க, பழைய அதே சைஸ் போல்ட்டே போடலாம், ஒரிஜினல விட பலமாவே இருக்கும். ஓவர்சைஸ் போல்ட்டுனு தானே மரை வெட்டிகிட்டு போறது ஒண்ணு விக்குது, அது இரும்பு சம்ப்ல ஓரளவு ஓகே, அலுமினியத்துல நான் நம்ப மாட்டேன், கோணலா வெட்டிட்டா திரும்ப சரி பண்ண இடமே இருக்காது.

முதல்ஸ்பேனர்:

விரலாலயே அடி வரைக்கும் போச்சு அக்கா, எங்கயும் மக்கர் பண்ணல. மூணாவது வாஷர் இல்ல, முகத்த துடைச்சு நல்லா பாத்துட்டேன். டைட் எவ்ளோ பண்றது? டார்க் ரெஞ்ச், அந்த டைட் அளவு வச்சு முறுக்குற ஸ்பேனர், பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட இருக்கு, வாங்கிக்கலாம்.

கிரீஸ்கை:

வாங்கிடுங்க, இதுக்காகவே வாங்கலாம். மேனுவல்ல உங்க எஞ்சினுக்கு என்ன நம்பர் போட்டிருக்கோ அது மட்டும் தான், நான் சொன்ன 40 ஒரு பொதுக் கணக்கு, சில வண்டி 25, 30ல இருக்கும், பிளாஸ்டிக் சம்ப் வர்ற சில வோக்ஸ்வாகன் எஞ்சின்ல போல்ட்டே பிளாஸ்டிக், கையால கால் சுத்து சுத்தி பூட்டுறது, ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும். மரைய துடைச்சு காய வச்சு போடுங்க, கிரீஸ் எதுவும் பூசாதீங்க, வழுக்கினா அதே நம்பர்ல போல்ட் இன்னும் அதிகமா இழுபடும். ரெஞ்ச் ஒரு தடவை "கிளிக்" ஆனதும் நிறுத்தணும், இன்னும் ஒரு கிளிக் பாதுகாப்புக்குன்னு சிலர் போடுவாங்க, அது தான் அடுத்த தடவை உங்களையே படுத்தும்.

பில்டர் கழட்டும்போதும் அதே கதை, பழைய ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிகிட்டு இருக்கான்னு பாருங்க. ரெண்டு வாஷர்னா கொஞ்சம் கசியும், ரெண்டு ரப்பர்னா ஆயில் மொத்தமும் பீச்சி அடிச்சு போயிடும்.

முதல்ஸ்பேனர்:

முடிச்சுட்டேன். என் வண்டி மேனுவல்ல 39 போட்டிருந்துச்சு, ஒரு கிளிக்கோட நிறுத்தினேன். பில்டர் ரப்பர் பழைய பில்டரோடயே வந்துடுச்சு, புதுசுல லேசா ஆயில் தடவி கையால டைட் பண்ணேன். ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி, ஆயில் லைட் அணைஞ்சதும் ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு டிப்ஸ்டிக் பாத்தேன், மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழ நிக்குது. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டைய விரிச்சு வச்சிருந்தேன், காலைல எழுந்து முதல் வேலையா போய் பாத்தேன், ஒரு சொட்டு கூட இல்ல. பழைய ஆயில கேன்ல புடிச்சு மூடி வச்சிருக்கேன், பழைய ஆயில் எடுத்துக்குற இடத்துல குடுத்துடறேன்.

அந்த ஒட்டின வாஷர் ரெண்டையும் தூக்கி போட மனசு வரல, டூல் பாக்ஸ் மூடி உள்பக்கம் ஒட்டி வச்சு, பக்கத்துலயே "17 ஆறு பட்டை, 39, புது வாஷர்"னு மார்க்கர்ல எழுதிட்டேன்.